சர்வாதிகாரியை வீழ்த்தும் போர்: விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சதாம் கொடுங்கோலன்தானே, அப்புறம் என்ன?" இராக் அதிபர் சதாம் உசேனை வீழ்த்த அமெரிக்கா நடத்திய 2003 போரைப் பற்றிய பேச்சைப் பலர் இந்த ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கொடுங்கோலன் என்பதில் சந்தேகமே இல்லை. 1988இல் ஹலாப்ஜாவில் குர்து மக்கள் மீது விஷவாயு வீசிய ஆட்சி அது. ஆனால் அவர் போக வேண்டியவரா என்பது ஒரு கேள்வி, போன மறுநாள் நாட்டை யார் நடத்துவது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதையும் முடித்துவிட்டதாக நினைப்பதுதான் பெரிய தவறு.

சிலை விழுந்தால் போர் முடிந்தது என்று எடுத்துக்கொள்வது அடுத்தது. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் சிலை சாய்ந்தது. அடுத்த சில நாட்களிலேயே தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் நின்ற அமெரிக்கப் படை அங்கே வரவில்லை. போருக்குப் பின் சில லட்சம் வீரர்கள் தேவைப்படுவார்கள் என்று அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ஷின்செகி முன்பே சொல்லியிருந்தார். மேலிடம் அதைத் தள்ளிவிட்டது.

இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் மே மாதம் போட்ட இரண்டு உத்தரவுகளைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒன்று, சதாமின் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியது. வேலைக்காகக் கட்சியில் சேர்ந்திருந்த ஆசிரியர்களும் அதில் மாட்டினார்கள். இன்னொன்று ராணுவத்தையே கலைத்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானோருக்குச் சம்பளம் நின்றது. போராட்டம் வெடித்த பிறகுதான் உதவித்தொகை அறிவித்தார்கள். அந்தப் படையின் முன்னாள் அதிகாரிகள் சிலர் பின்னாளில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் தலைமை வரை போனார்கள்.

"தோற்ற ஜப்பானில் ஜனநாயகத்தைக் கட்ட முடிந்ததே, இங்கே முடியாதா?" என்று கேட்பவர்கள், 1945க்குப் பின் அங்கே பேரரசரும் அரசு நிர்வாகமும் பெரும்பாலும் நீடித்ததை மறந்துவிடுகிறார்கள்.

சரி, தரைப்படையை இறக்காமல் குண்டு மட்டும் போட்டால்? 2011இல் லிபியாவில் அதுதான் நடந்தது. அந்நாட்டுச் சர்வாதிகாரி கடாஃபி அக்டோபரில் கொல்லப்பட்டார். ஆயுதக் குழுக்கள் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. 2014இல் நாட்டில் இரண்டு அரசுகள்.

போரை எதிர்ப்பவர்களும் ஒன்றை வசதியாக விட்டுவிடுகிறார்கள். தலையிடாமல் இருப்பதற்கும் விலை உண்டு. 1991இல் அமெரிக்க அதிபர் புஷ் (மூத்தவர்) சதாமை விரட்டச் சொல்லி இராக்கியர்களைத் தூண்டினார். தெற்கில் ஷியாக்களும் வடக்கில் குர்துகளும் கிளர்ந்தார்கள். வளைகுடாப் போருக்காக வந்து பக்கத்திலேயே இருந்த அமெரிக்கப் படை அசையவில்லை. சதாமின் ஹெலிகாப்டர்கள் அவர்களை நசுக்கின. எதிர்ப்பவர்கள் அந்த மக்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.