எண்பதுகளின் பாப், ராக்: ரசனை ஒத்துப்போகாத நான்கு பேருக்கு ஒரே பிளேலிஸ்ட் போடுவது எப்படி

எண்பதுகளின் ஆங்கில பாப், ராக் கேட்பவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் சிறிது நேரத்திலேயே நான்கு கட்சி உருவாகிவிடும். ஒருவருக்கு மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர் கீபோர்டு ஆகாது. இன்னொருவருக்கு ஹெவி மெட்டல் வெறும் இரைச்சல். மூன்றாமவர் தி ஸ்மித்ஸ் குழுவைத் தவிர மற்றதெல்லாம் விளம்பர இசை என்பார். நான்காமவருக்கு ஆடத் தோன்றாத எதுவும் பாட்டே இல்லை. இவர்கள் நால்வரும் 90 நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய ஒரு பிளேலிஸ்டை அமைக்க முடியும். அதற்கு முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சண்டை பெரும்பாலும் குழுக்களைப் பற்றியதே அல்ல. டிரம்ஸ் எப்படி ஒலிக்கிறது, கீபோர்டு எந்த வகை, கிட்டார் எப்படி, பாடும் குரல் எப்படி என்ற நான்கு விஷயங்களில்தான் ஒருவருடைய விருப்பமும் வெறுப்பும் அடங்கியிருக்கின்றன. எனவே “உங்களுக்கு எந்தக் குழு பிடிக்கும்?” என்று கேட்டுத் தொடங்காதீர்கள். ஒலியை வைத்துச் சோதியுங்கள்.

தொடங்கும் முன்

எல்லாப் பாடல்களையும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே ஒலி அளவில் போடுங்கள். சற்றே சத்தமாக ஒலிப்பது நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். எண்பதுகளின் முதல் சிடிக்களில் ஒலி அளவு குறைவு. பின்னாளில் வந்த ரீமாஸ்டர்கள் (பழைய பதிவை மெருகேற்றிய பதிப்புகள்) பல டெசிபல் கூடுதல் சத்தத்தோடு வந்தன. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், பாட்டுக்கு மதிப்பெண் போடுவதாக நினைத்துக்கொண்டு சத்தத்துக்குத்தான் போடுவீர்கள். ஸ்ட்ரீமிங் செயலியின் அமைப்புகளில் ஒலி அளவைச் சமன் செய்யும் வசதி இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். ஒரு பாட்டை இன்னொன்றோடு கலக்கும் கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள்.

கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கைபேசி அதன் அருகில்கூடப் போகாது. மைக்கேல் ஜாக்ஸனின் ‘பில்லி ஜீன்’ பாட்டின் உயிரே அந்த பேஸ் வரிதான், கைபேசியில் அது எலும்புக்கூடாகிவிடும். பிரின்ஸின் ‘வென் டவ்ஸ் க்ரை’ பாட்டிலோ பேஸே கிடையாது, அவரே எடுத்துவிட்டார். அதனால் அது கைபேசியில் அவ்வளவாக அடிபடாது. பேஸ் பிடித்தவர் இந்தச் சோதனையில் காரணமே தெரியாமல் தோற்றுப்போவார்.

முதல் சோதனை: டிரம்ஸ்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எண்பதுகளை வெறுப்பவர்களில் பலர் உண்மையில் வெறுப்பது அந்த டிரம்ஸைத்தான்.

மூன்று பாடல்களை வரிசையாகப் போடுங்கள். முதலில் ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ (1980). இங்கே டிரம்ஸ் உலர்ந்து, நேராக, பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். அடுத்து பில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ (1981). கடைசியாக ‘வென் டவ்ஸ் க்ரை’ (1984), அதில் கேட்பது லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷின்.

நடுப் பாட்டை ஆல்பம் பதிப்பில்தான் போட வேண்டும். சிங்கிளாக (தனிப் பாட்டாக) வெளியானதில் தொடக்கத்திலேயே கூடுதல் டிரம்ஸ் சேர்த்துவிட்டார்கள், சோதனை கெட்டுவிடும். ஆல்பம் பதிப்பில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஒரு சின்ன ரிதம் மெஷின் மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். அதன்பிறகு பெரிய டிரம்ஸ் உள்ளே இடிக்கும். அந்த இடத்தில் எதிரே இருப்பவர் முகத்தைப் பாருங்கள். சிலர் தங்களை அறியாமல் மேசையில் தட்டுவார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் சொல்லப்போகும் பதிலைவிட அது நம்பகமானது.

அந்த ஒலி எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற பாடல்களிலும் அதைக் கண்டுபிடிக்கலாம். அறையில் தள்ளி வைத்த மைக்குகள் எதிரொலியோடு சேர்த்து அடியைப் பிடிக்கின்றன. அதைக் கம்ப்ரஸரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) இறுக்கி நசுக்குகிறார்கள். பிறகு நாய்ஸ் கேட் என்ற கருவி எதிரொலியின் வாலைச் சட்டென்று வெட்டிவிடுகிறது. மண்டபம்போலப் பெருத்து எழும் சத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போகிறது, இயற்கையில் எந்த அறையும் அப்படி ஒலிப்பதில்லை. பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்துக்காக (1980) லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் வேலை நடந்தபோது, ஒலிப்பொறியாளர் ஹியூ பாட்கம், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், டிரம்ஸ் வாசித்த பில் காலின்ஸ் ஆகியோர் கையில் இது உருவானது. வாசிப்பவர் பேசுவதைக் கேட்பதற்காக வைத்திருந்த மைக்கின் கடுமையான கம்ப்ரஸர்தான் வழிகாட்டியது. அந்த ஆல்பத்தின் ‘இன்ட்ரூடர்’ பாட்டில் சிம்பலே இல்லை. கேட் வெட்டும் இடம் அதனால் துல்லியமாகக் கேட்கும்.

இந்த ஒலியே ஆகாதவருக்கு எண்பதுகள் முழுவதையும் மூடிவிட வேண்டாம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிவுசெய்த ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்திலிருந்து ‘அட்லாண்டிக் சிட்டி’யைக் கொடுங்கள். அதே மனிதரின் 1984 ஆல்பமான ‘பார்ன் இன் தி யூஎஸ்ஏ’யின் தலைப்புப் பாட்டை அடுத்துப் போட்டால், எதை வெறுக்கிறோம் என்பது அவருக்கே விளங்கிவிடும்.

கீபோர்டு

“சிந்தசைசர் பிடிக்காது” என்பவரிடம் எந்த சிந்தசைசர் என்று கேளுங்கள். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, கண்ணாடியில் தட்டியதுபோலக் கூர்மையாக, மணியோசையாக ஒலிக்கும். விட்னி ஹூஸ்டனின் ‘கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்’ தொடக்கத்தில் வரும் எலெக்ட்ரிக் பியானோ அதுதான். வான் ஹேலனின் ‘ஜம்ப்’ பாட்டில் வருவது ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ. இது அனலாக் வகை, தடித்து, கிட்டாருக்குச் சமமாக நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், சிந்தசைசர் ஆகாது என்று சாதிக்கும் ராக் ரசிகர்களில் கணிசமானோர் இரண்டாவதை ஏற்றுக்கொள்வார்கள். அவர்களுக்கு ஆகாதது டிஎக்ஸ்7 மட்டும்தான். இந்தப் பிடிவாதம் குழுக்களுக்குள்ளும் இருந்தது. எழுபதுகளில் தங்கள் ஆல்பம் உறைகளில் சிந்தசைசர் இல்லை என்று அச்சிட்டுவந்த குவீன், 1980-இல் ‘தி கேம்’ ஆல்பத்தில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

கிட்டாரும் குரலும்

கிட்டாருக்கு நான்கு துண்டுகள் போதும்: தி ஸ்மித்ஸின் ‘திஸ் சார்மிங் மேன்’ (தெளிவான, சிலம்பும் தந்திகள்), யூ2-வின் ‘வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்’ (டிலே கருவியால் ஒரு சுரம் பலவாகப் பெருகுவது), அயர்ன் மெய்டனின் ‘தி ட்ரூப்பர்’ (இரண்டு கிட்டார் இணைந்து ஓடுவது), மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (கீழ்நோக்கிய அடிகளால் மட்டுமே இறுக்கிய ரிதம்). கடைசி இரண்டும் மெட்டல்தான் என்றாலும், ஒன்றைப் பிடித்தவருக்கு மற்றது பிடிக்க வேண்டும் என்பதில்லை. அயர்ன் மெய்டனில் கிட்டாரே மெட்டு பாடுகிறது. அதனால் பாப் ரசிகர்கள் முதலில் தாங்கிக்கொள்வது அதைத்தான்.

குரலில் வாதாடி வெல்ல முடியாது. தி ஸ்மித்ஸின் மாரிஸியின் குரலோ தி க்யூரின் ராபர்ட் ஸ்மித்தின் குரலோ ஒருவருக்கு எரிச்சலூட்டினால், நூறு முறை போட்டாலும் அந்த எரிச்சல் தேயாது. குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

கூடவே ஒரு கேள்வி: இவர் எண்பதுகளில் எந்தப் பகுதியைக் கேட்டு வளர்ந்தவர்? 1981 ஆகஸ்ட் 1 அன்று பாட்டு வீடியோக்களுக்கான எம்டிவி தொலைக்காட்சி தொடங்கியபோது, கையில் வீடியோ வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் குழுக்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டியல்களில் சிந்த் பாப் (சிந்தசைசரை மையமாகக் கொண்ட பாப்) ஏறியதற்கு அது முக்கியக் காரணம். 1986-க்குப் பின் அதே திரையை பான் ஜோவி, கன்ஸ் அண்ட் ரோசஸ் வகையினர் பிடித்துக்கொண்டார்கள். ஆர்.இ.எம். போன்றவர்கள் அமெரிக்கக் கல்லூரி வானொலிகள் வழியாக வளர்ந்தார்கள். ஒருவர் சொல்லும் “எண்பதுகள்” மற்றவருடைய எண்பதுகளாக இருப்பது அபூர்வம்.

மதிப்பெண்

ஒவ்வொருவரும் எட்டுப் பாடல்கள் கொடுக்கட்டும். மொத்தம் 32. ஒவ்வொன்றிலிருந்தும் 75 வினாடி போட்டால் 40 நிமிடத்தில் முடியும். பாட்டின் பெயரையோ யார் கொடுத்தது என்பதையோ சொல்லாதீர்கள். 0 முதல் 3 வரை காகிதத்தில் எழுதிய பிறகே பேச வேண்டும். முதலில் பேசுபவர் மற்ற மூவரையும் இழுத்துவிடுவார்.

எங்கிருந்து 75 வினாடி எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’யில் குரல் வரவே இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். ‘வேர் தி ஸ்ட்ரீட்ஸ்’ பாட்டிலும் ஒன்றரை நிமிடம் தாண்ட வேண்டும். இப்படிப்பட்டவற்றை குரல் தொடங்குவதற்கு 20 வினாடி முன்பிருந்து போடுங்கள்.

கூட்டி வகுத்துச் சராசரி எடுக்க வேண்டாம். 2, 2, 2, 2 வாங்கிய பாட்டின் மொத்தம் 8. 3, 3, 3, 0 வாங்கியதன் மொத்தம் 9. சராசரி இரண்டாவதைத் தூக்கும், ஆனால் அது ஓடும்போது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். முதலில் சுழி இல்லாத பாடல்களை எடுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் மற்றவர் மதிப்பெண்ணைப் பார்க்காமல் இரண்டு பாடல்களைச் சேர்க்கும் உரிமை, ஒரு பாட்டைத் தடுக்கும் உரிமை. தடுப்புரிமை ஒன்றுக்கு மேல் கொடுத்தால் பட்டியல் வழவழவென்று ஆகிவிடும், யாருக்கும் நினைவிருக்காது. சராசரி நாலேகால் நிமிடம் என்று வைத்தால் 90 நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 பாடல்கள். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ எட்டரை நிமிடம், அதை இரண்டு இடமாகக் கணக்கிடுங்கள்.

வரிசை

ரசனைகளுக்கு இடையே பாலம் கட்டுவது இங்கேதான். இரண்டு உலகத்திலும் கால் வைத்திருக்கும் பாடல்கள் எண்பதுகளில் தாராளம். மைக்கேல் ஜாக்ஸனின் ‘பீட் இட்’டில் கிட்டார் சோலோ எடி வான் ஹேலன். டேவிட் போவியின் ‘லெட்ஸ் டான்ஸ்’ பாட்டில் நைல் ராட்ஜர்ஸின் ஆட்டத் தாளத்துக்கு மேல் ஸ்டீவி ரே வானின் ப்ளூஸ் கிட்டார். ரன்-டிஎம்சியும் ஏரோஸ்மித்தும் சேர்ந்த ‘வாக் திஸ் வே’ 1986-இல் ராப்பையும் ஹார்ட் ராக்கையும் ஒரே பாட்டில் உட்காரவைத்தது.

தாள வேகத்தைப் படிப்படியாக ஏற்றினால், சிந்த் பாப் ரசிகரை மெட்டல் வரை அழைத்துப் போகலாம். இந்த ஐந்தையும் இதே வரிசையில் வைத்துப் பாருங்கள்: யூரித்மிக்ஸின் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ (நிமிடத்துக்கு ஏறக்குறைய 126 அடி), ‘ப்ளூ மண்டே’ (130), ‘ஜம்ப்’ (ஏறக்குறைய அதே வேகம்), ‘பீட் இட்’ (139), ‘தி ட்ரூப்பர்’ (160-ஐ ஒட்டி). சுமார் 24 நிமிடம். ‘ப்ளூ மண்டே’ முடிந்து ‘ஜம்ப்’பின் கீபோர்டு தொடங்கும் இடத்தில், ஆடுபவர்கள் கால் மாற்றாமலே ராக்கிற்குள் வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு காதுக்கு ஓய்வு தேவை. கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ (108) அந்த இடத்துக்குப் பொருந்தும்.

110 முதல் 120 வரையிலான வேகத்தில் எண்பதுகளின் வெற்றிப் பாடல்கள் குவிந்திருக்கின்றன: ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ 110, ‘லெட்ஸ் டான்ஸ்’ 115, ‘பில்லி ஜீன்’ 117, ‘எவ்ரி ப்ரெத் யூ டேக்’ 117. இவற்றை எப்படியும் அடுக்கலாம் என்று தோன்றும். டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸின் ‘எவ்ரிபடி வான்ட்ஸ் டு ரூல் தி வேர்ல்ட்’ 112 அடிதான். ஆனால் அதன் நடை ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரித்து ஊசலாடும், திஸ்ர நடை என்று சொல்லலாம். ‘பில்லி ஜீன்’ முடிந்த கையோடு அதைப் போட்டால் வேகம் பொருந்தியும் கால் தடுக்கும். நடுவில் ஒரு மெதுவான பாட்டை வையுங்கள்.

முதல் நான்கு பாடல்களுக்குள் நால்வருடைய உரிமைப் பாடல்களிலும் ஒவ்வொன்று வந்துவிட வேண்டும். தன்னுடையது வந்துவிட்டால் மனிதர்கள் பிறருடையதைப் பொறுமையாகக் கேட்பார்கள். சுழி வாங்கிய உரிமைப் பாடல்களை இருபது நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள், இரண்டு அடுத்தடுத்து வரவே கூடாது. மிக நீண்ட பாட்டை 40-ஆவது நிமிடத்துக்கு முன் கொண்டுவராதீர்கள்.

பதிப்பு சரிதானா?

வரிசை முடிந்ததும் ஒவ்வொரு பாட்டையும் ஆண்டோடு சரிபாருங்கள். டெஃப் லெப்பர்ட் தங்கள் பழைய வெற்றிப் பாடல்கள் சிலவற்றை 2012-இல் டிஜிட்டல் விற்பனைக்காக மறுபடியும் பாடிப் பதிவுசெய்தார்கள். நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு ரசிகர் முதல் பல்லவியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ‘ப்ளூ மண்டே’க்கு 1983 பதிப்பும் ‘ப்ளூ மண்டே 1988’ என்ற இன்னொன்றும் உண்டு, முன்னதுதான் ஏழரை நிமிடம் ஓடும். ‘வென் டவ்ஸ் க்ரை’ ஆல்பத்தில் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சிங்கிளாக வந்ததில் இறுதிப் பகுதியைப் பெரிதும் வெட்டிவிட்டார்கள், பிரின்ஸ் ரசிகர் காத்திருப்பதே அந்த இறுதிப் பகுதிக்குத்தான். தேடலில் முதலில் வருவது பல நேரம் தொகுப்பு ஆல்பத்தின் பதிப்பாக இருக்கும், எனவே மூல ஆல்பத்தைத் திறந்து அதற்குள்ளிருந்து பாட்டைச் சேருங்கள்.