ரசீதுச் சுருளில் ஒரு பி-செல்: எதிர்ப்பொருள் மரபணுவை எப்போது வெட்டுவது, எப்போது நிறுத்துவது

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு டியூஷன் நடத்துகிறவர்கள் பயப்படும் பாடம் இது. எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் வெள்ளணுவான பி-செல், அதற்கான மரபணுவின் வி (V), டி (D), ஜே (J) என்ற துண்டுகளை வெட்டி ஒட்டுகிறது என்பது வரை மாணவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. வெட்டும் வரிசையை எது கட்டுப்படுத்துகிறது, எது நிறுத்துகிறது என்பதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கையால் செய்து பார்த்தால் அந்தச் சிக்கல் அவிழும். ஆய்வகம் வேண்டாம், மண்டபத்து மேசை போதும்.

வாங்க வேண்டியவை

மூன்று பேர் கொண்ட ஒரு குழுவுக்கு: 57 மி.மீ. அகல ரசீதுச் சுருள் 1, மூன்று நிற மார்க்கர்கள், செலோடேப், பகடை 2, பேப்பர் கிளிப் 8, மூடியுள்ள ஒரு டப்பா, கத்தரிக்கோல் ஒன்றே ஒன்று. அந்தக் கத்தரிக்கோல்தான் மரபணுத் துண்டுகளை வெட்டும் ராக் (RAG) நொதி.

சுருள் வாங்கும்போது தாளை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத் தாள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் கறுக்கத் தொடங்கும், லேமினேட் செய்தால் முழுக்கக் கறுத்துவிடும். சாதாரணத் தாளையே கேட்டு வாங்குங்கள்.

படி 1: நாடா வரைதல்

150 செ.மீ. நீளத்தில் இரண்டு நாடாக்களை வெட்டுங்கள். ஒன்று தாயிடமிருந்து வந்த 14ஆம் குரோமோசோம், மற்றது தந்தையுடையது. மனிதரில் அங்கே வேலை செய்யும் வி துண்டுகள் சுமார் 40, டி 23, ஜே 6. நமக்கு இடமிருந்து வலமாக வி 5, டி 3, ஜே 4 போதும். வி பெட்டி 3 செ.மீ., டி 1.5 செ.மீ., ஜே 2 செ.மீ.

ஒவ்வொரு பெட்டியையும் ஒட்டி, ராக் அடையாளம் காணும் டி.என்.ஏ. எழுத்துத் தொடர் வர வேண்டும்: 7 எழுத்து, பிறகு 12 அல்லது 23 எழுத்து இடைவெளி, பிறகு 9 எழுத்து. ஓர் எழுத்துக்கு 2 மி.மீ. கணக்கில் 12 வகை 5.6 செ.மீ., 23 வகை 7.8 செ.மீ. வி-க்கு வலப்பக்கம் 23, டி-க்கு இரு பக்கமும் 12, ஜே-க்கு இடப்பக்கம் 23.

7 எழுத்துத் தொகுதிதான் பெட்டியைத் தொட வேண்டும். இதைத் திருப்பி வரைந்தால் எல்லாமே கெடும், ஏனென்றால் ராக் வெட்டுவது பெட்டிக்கும் அந்த 7 எழுத்துக்கும் நடுவில்.

படி 2: விதியைச் சோதித்தல்

வி-யை நேரே ஜே-யுடன் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டும் 23, அதனால் முடியாது. ராக் ஒரு 12-ஐயும் ஒரு 23-ஐயும் சேர்த்துப் பிடித்தால்தான் வெட்டும். கனச் சங்கிலியில் (எதிர்ப்பொருளின் பெரிய சங்கிலி, இந்த நாடா அதன் மரபணு) டி-யைத் தாண்டிப் போக முடியாததற்கு இதுவே காரணம்.

படி 3: டி-யும் ஜே-யும்

இரு நாடாக்களிலும் வி பகுதியை மடித்துக் கிளிப் போடுங்கள். அது மூடிய குரோமாட்டின், அதாவது புரதங்களோடு இறுகச் சுருண்ட டி.என்.ஏ. ராக் எல்லா இடத்தையும் வெட்டாது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோன் எச்3-இன் 4ஆம் லைசினில் மூன்று மெத்தில் குறி உள்ள திறந்த பகுதியை, ராக் நொதியின் ஒரு பாகமான ராக்2 பற்றிக்கொள்ளும். முதலில் திறந்திருப்பது டி-ஜே பகுதி. இரு நாடாக்களிலும் அங்கே வெட்டி ஒட்டுங்கள்.

வெட்டி எடுத்த நடுத்துண்டைக் குப்பையில் போட வேண்டாம். அதன் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்குங்கள், செல்லிலும் அப்படித்தான் ஆகிறது. மரபணு முனைகளோ முதலில் கொண்டை ஊசிபோல மூடிக்கொள்ளும். ஆர்ட்டிமிஸ் என்ற நொதி அவற்றைத் திறக்கும், டெர்மினல் டிரான்ஸ்ஃபெரேஸ் புதிய எழுத்துகளைச் சேர்க்கும், லிகேஸ் 4 ஒட்டும். சேர்ந்த எழுத்துகளின் எண்ணிக்கைக்குப் பகடை உருட்டி, நாடாவிலேயே எழுதி வையுங்கள்.

படி 4: ஒரு நாடாவில் மட்டும் வி

ஒரு நாடாவின் கிளிப்பை மட்டும் எடுங்கள். வி ஒன்றை டி-ஜே-யுடன் ஒட்டி மீண்டும் பகடை உருட்டுங்கள். அந்த நாடாவின் இரு எண்களின் கூட்டுத்தொகை 3ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் வாசிப்புச் சட்டம் (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் ஒழுங்கு) சரி. (பெட்டிகள் எல்லாம் 3இன் மடங்கு என்று வைத்துக்கொள்கிறோம்.) தவறினால்தான் இரண்டாம் நாடாவைத் திறக்கலாம். முதல் முயற்சியில் வெற்றி வாய்ப்பு 1/3, இரண்டாவதில் 2/9, மொத்தம் 5/9. ஒன்பது குழுக்கள் இருந்தால் நான்கு செல்கள் இங்கேயே சாகும் என்று எதிர்பார்க்கலாம். எல்லாக் குழுவும் ஜெயித்தால் யாரோ பகடையை மறுபடி உருட்டியிருக்கிறார்கள்.

படி 5: நிறுத்து

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். சரியாக வந்த கனச் சங்கிலி, வி-பிரீ-பி, லாம்டா5 என்ற தற்காலிகத் துணைகளோடு சேர்ந்து முன்-பி ஏற்பியாகச் செல்லின் மேற்பரப்புக்கு வரும். அதன் சைகை கிடைத்ததும் ராக் உற்பத்தி குறையும்: கத்தரிக்கோலை டப்பாவில் போட்டு மூடுங்கள். மற்ற நாடா இன்னும் திறக்காமல் இருந்தால் கிளிப்பை எடுக்கவே கூடாது. ஒரு செல்லுக்கு ஒரே கனச் சங்கிலி என்ற ஒழுங்கு இப்படித்தான் வருகிறது.

பிறகு செல் பலமுறை பிரியும். டி.என்.ஏ. நகலாகும் நேரத்தில் வெட்டு விழுந்தால் குரோமோசோம் முறியும். அதனால் ராக்2-இன் 490ஆம் திரியோனினில் பாஸ்பேட் ஏறி, அந்த நகலாகும் கட்டம் (எஸ் கட்டம்) தொடங்கும்போதே அந்தப் புரதம் அழிக்கப்படுகிறது. வெட்டுப்பட்ட 14ஆம் குரோமோசோம் முனை 18ஆம் குரோமோசோமின் பிசிஎல்2 மரபணுவோடு தவறி ஒட்டினால் என்ன ஆகும்? ஃபாலிக்குலர் லிம்போமா என்ற பி-செல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோரிடம் காணப்படும் பிழை அதுதான்.

படி 6: இலேசான சங்கிலி

பிரிதல் நின்றதும் கத்தரிக்கோல் இரண்டாம் முறை வெளியே வரும். 80 செ.மீ. நாடா இரண்டில் கப்பா என்ற இலேசான சங்கிலி மரபணுவை வரையுங்கள்: வி 4 (12 வகை), ஜே 4 (23 வகை), டி கிடையாது. பகடை ஒன்று போதும். கப்பா இரண்டும் தவறினால் 22ஆம் குரோமோசோமில் உள்ள இன்னொரு இலேசான சங்கிலி மரபணுவான லாம்டா.

முதல் முயற்சியிலேயே கடைசி ஜே-யை எடுக்க விடாதீர்கள். உருவான ஏற்பி சொந்த உடலையே தாக்குவதாக இருந்தால், மிஞ்சிய வி ஒன்றையும் அடுத்த ஜே ஒன்றையும் ஒட்டிச் செல் தன்னைத் திருத்திக்கொள்ளலாம். முடிந்த கனச் சங்கிலி நாடாவை அருகில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: டி எல்லாம் போய்விட்டது, மிஞ்சிய வி-யும் ஜே-யும் 23. வழக்கமான வழியில் அங்கே இரண்டாம் வாய்ப்பே இல்லை.

கெடுத்துக் காட்டுதல்

மறு சுற்றில் ஒரு குழுவின் கத்தரிக்கோலைப் பிடுங்கிவிடுங்கள். அது ராக் இல்லாத குழந்தை: பி-செல்லும் இல்லை, டி-செல்லும் (T, டி துண்டு அல்ல) இல்லை. இன்னொரு குழுவுக்குக் கத்தரிக்கோலைக் கொடுத்து, 5ஆம் படியின் சைகையை மட்டும் தடுங்கள். அது 1952இல் புரூட்டன் விவரித்த நோய். அந்தச் சைகையைக் கடத்தும் பிடிகே நொதி கெட்டதால் கனச் சங்கிலி சரியாக அமைந்தும் செல் முன்-பி நிலையிலேயே நின்றுவிடும். டி-செல்கள் மட்டும் வழக்கம்போல வளரும்.