தூரத்து ஃப்ரீ கிக்: ஊன்றும் காலில் இருக்கிறது குறி

குமரிக் கடற்கரையில் தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளைப் பக்கம் கால்பந்து ஆடுபவர்களிடம், 30 மீட்டரிலிருந்து ஃப்ரீ கிக்கை ஓங்கி அடிக்கும் பலத்துக்குப் பஞ்சமே இல்லை. அடித்த பந்து நினைத்த இடத்துக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேட அமெரிக்கக் கால்பந்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்களே, அந்த ஆட்டம்தான்.

அங்கே கிக்கர் என்று ஓர் ஆள் உண்டு. 5.64 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கம்பங்களுக்கு நடுவே, 3.05 மீட்டர் உயரக் குறுக்குக் கம்பிக்கு மேலே பந்தை அனுப்புவது அவர் வேலை. 1960களில் அடித்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறியது. இன்று ஏறக்குறைய 85 சதவீதம் தேறுகிறது. 1970இல் டாம் டெம்ப்ஸி அடித்த 63 யார்டை 2013 வரை யாரும் தாண்டவில்லை. அந்த ஆண்டு மேட் பிரேட்டர் 64 அடித்தார், 2021இல் ஜஸ்டின் டக்கர் 66, 2025இல் கேம் லிட்டில் 68. அதாவது 62 மீட்டர்.

இந்த முன்னேற்றத்துக்கு முதல் காரணம் நம் ஆட்டத்திலிருந்து போனது. ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக், பக்கவாட்டில் ஓடிவந்து புறங்காலால் (பாதத்தின் மேற்பக்கத்தால்) அடிக்கும் முறையை 1964இல் தொழில்முறை ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். அதுவரை நேராக ஓடிப் பெருவிரல் நுனியால்தான் குத்துவார்கள். நுனி பந்தில் படும் இடம் சிறியது. கொஞ்சம் விலகினாலும் திசை மாறிவிடும். ஆனால் எல்லோரும் புறங்காலுக்கு மாறிய பிறகும் துல்லியம் ஏறிக்கொண்டேதான் போனது. பந்தைப் பின்னால் எறிபவர், பிடித்து நிறுத்துபவர், அடிப்பவர் மூவரும் அந்த வேலையைச் சேர்ந்து திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். எறிந்ததிலிருந்து அடிப்பது வரை சுமார் 1.3 விநாடிதான். வீடியோ, நல்ல தரை, கூரை போட்ட அரங்கம் எல்லாம் துணைக்கு வந்தன. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் ஓடிவர அதே எண்ணிக்கை எட்டுகள் (காலடிகள்), அதே இடத்தில் ஊன்றும் கால்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 30 மீட்டரில் திசை 1 டிகிரி விலகினால் பந்து 52 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 4 டிகிரி என்றால் 2 மீட்டருக்கு மேல். போஸ்டை ஒட்டிக் குறிவைத்த பந்து வெளியே போய்விடும்.

வலது காலால் அடிப்பவருக்குச் சொல்கிறோம், இடது காலாட்டக்காரர் மாற்றிக்கொள்ளட்டும். பந்துக்குப் பின்னால் 3 எட்டு, இடப்பக்கம் 2 எட்டு எடுத்து வையுங்கள். ஏறக்குறைய 35 டிகிரி கோணம் கிடைக்கும். கடைசி எட்டு நீளமாக இருக்கட்டும். இடது கால் பந்துக்குப் பக்கத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, விரல்கள் குறியை நோக்கி விழ வேண்டும். அடிக்கும் வலது காலில் கணுக்கால் இறுக்கம், விரல்கள் கீழ் நோக்கி. லேஸ் கட்டும் இடத்துக்கு உள்பக்கமுள்ள கெட்டி எலும்பு, பந்தின் நடுவுக்கு ஒரு விரல் கீழே படட்டும். அடித்த பிறகும் கண் பந்து இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். முகத்தைச் சீக்கிரம் தூக்கினால் தோளும் கூடவே திறந்துகொள்ளும்.

இங்கேதான் நம் கடற்கரைக்கு ஒரு வசதி. அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல் காலடியை அப்படியே பதிந்து காட்டும். கடலரிப்பைத் தடுக்கக் கல்லடுக்கித் தூண்டில் வளைவு கட்டிய ஊர்களில் ஒரு பக்கம் மணல் சேர்ந்து ஓரளவு மட்டமாகக் கிடக்கும். அந்த இடம் நல்லது. பந்தை வைத்து அரை பலத்தில் அடியுங்கள். பந்து போன திசையை விட்டுவிட்டு, குனிந்து தடத்தைப் பாருங்கள். பந்து அழுந்திய வட்டக்குழியும் இடது கால் தடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தடம் பந்தை ஒட்டியிருந்தால் இடுப்பு திரும்ப இடமில்லாமல் பந்து வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கும். ஒரு முழத்துக்கு விலகியிருந்தால் உடம்பு சாய்ந்து, பந்து இடப்பக்கம் வளைந்திருக்கும். தடம் குழிக்குப் பின்தங்கியிருந்தால் கால் மேலேறும்போது பந்தைச் சந்திக்கிறது. பந்து கம்பிக்கு மேலே பறக்கும். குதிகால் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் பின்னால் சாய்ந்து அடித்திருக்கிறீர்கள். இப்படி 10 தடங்களும் ஒரே மாதிரி விழும்வரை பலத்தைக் கூட்ட வேண்டாம்.

கரைக்கு இணையாகவே அடியுங்கள். 5 அடித்ததும் மறுபக்கம் திரும்பி 5. இல்லாவிட்டால் சரிவுக்குக் கால் பழகிவிடும். உலர்ந்த மணலில் தூரத்து அடி பழகவே கூடாது. ஊன்றும் கால் புதைந்து, அடிக்கும் கால் மணலைக் கிளறும். முழு பலத்துக்குச் செம்மண் தரையோ புல்தரையோ, காலில் பூட்ஸோடு.

பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் இருக்க வேண்டும். காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை விதி அனுமதிக்கிறது. பயிற்சிக்கு 10, 11 போதும், ஆனால் தினமும் அதே அளவு. அளவுமானி உள்ள பம்பு ஒன்றைக் கிளப்பில் வாங்கி வையுங்கள். தையல் விட்ட பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், அதில் பழகிய கால் போட்டியில் ஏமாறும். கடல்தண்ணீர் பட்ட பந்தை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

காற்றுக்குத் தென்னை ஓலையைப் பாருங்கள். தரையில் புல் அசையாதபோதும் மேலே ஓலை சாயும். தூக்கி அடிக்கும் பந்து போவது அங்கேதான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போதும், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்து மைதானங்களிலும் இதை விடவே கூடாது. பக்கக் காற்றென்றால் காற்று வரும் பக்கத்துப் போஸ்டைக் குறிவையுங்கள். எதிர்க்காற்றில் ஓங்கி அடிக்கத் தோன்றும், வேண்டாம். பந்து கூடுதலாகச் சுழன்று மேலே எழும்பி அங்கேயே நின்றுவிடும். எட்டுகள் அதே, பலம் அதே, பந்தின் நடுவில் அடித்துத் தாழ்வாக அனுப்புங்கள்.

வாரத்துக்கு 3 நாள் போதும். உடம்பைச் சூடாக்கி, நின்ற இடத்திலிருந்து 10, ஓர் எட்டு வைத்து 10, பிறகு முழு ஓட்டத்தில் 20, 25, 30 மீட்டரில் வெவ்வேறு கோணங்களிலுமாக மொத்தம் 30. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் தூரம், காற்று, எந்தப் பக்கம் தவறியது என்று குறியுங்கள். தவறியதெல்லாம் ஒரே பக்கம் என்றால் திருத்துவது எளிது. ஈரமணலுக்குப் போய்த் தடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் சிதறினால் எட்டுகளே மாறுகின்றன. அளந்து வைப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தொடை இடுக்கில் இழுப்பு தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள், 30 முடியாவிட்டாலும் சரி.