குட்டி நொண்டினால் "தாய் மிதிச்சிருக்கும்" என்று விடாதீர்கள்

பிறந்து பத்து நாள்கூட ஆகாத குதிரைக்குட்டி காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நின்றால், கோபி, அந்தியூர், காங்கேயம் எந்தப் பக்கம் போனாலும் முதலில் காதில் விழுவது "தாய் மிதிச்சிருக்குமுங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்பதுதான். அந்த ரெண்டு நாள்தான் பல குட்டிகளின் ஓட்டத்தைத் தொடங்கும் முன்பே முடித்துவிடுகிறது. மிதிபடவே படாது என்று சொல்லவில்லை, படும். ஆனால் சின்னக் குட்டி நொண்டினால் மூட்டில் கிருமி புகுந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அது இல்லை என்று அவர் சொன்ன பிறகு மிதி, சுளுக்கு எல்லாம் தேடிக்கொள்ளலாம்.

ஏன் இந்த அவசரம் என்றால், மூட்டுக்குள் கிருமி வந்ததும் அதை எதிர்க்க வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. அவை வெளியிடும் நொதிகள் கிருமியோடு சேர்த்து எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பையும் அரித்துவிடும். குருத்தெலும்பு ஒருமுறை போனால் பழையபடி வளராது. தோட்டத்தில் சும்மா மேய்கிற குதிரைக்கு அந்தக் குறை வெளியே தெரியாமலே போகலாம். ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் தார் ரோட்டில் வண்டியோடு பாய வேண்டிய குதிரைக்குத் தெரியாமல் போகாது.

மூட்டில் காயமே இல்லையே, கிருமி எப்படிப் போகும் என்று கேட்பார்கள். ரத்தத்தின் வழியாகப் போகிறது. தொப்புள், குடல், நுரையீரல் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் நுழைந்து ரத்தத்தில் கலந்து மூட்டிலும், வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு முனையிலும் போய்த் தங்குகிறது. அதனால் கால் வீங்கும் அன்றைக்குத்தான் நோய் தொடங்கியது என்று நினைக்கக் கூடாது, பெரும்பாலும் தவறு பிறந்த அன்றே நடந்திருக்கும்.

அதில் முதல் தவறு சீம்பால். குதிரைக்குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புப் புரதங்களை அநேகமாக வாங்கிக்கொள்வதே இல்லை, எல்லாம் சீம்பால் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். அதையும் குடல் உறிஞ்சுவது முதல் ஒரு நாள் மட்டும்தான், முதல் 6 முதல் 8 மணி நேரத்தில் நன்றாக உறிஞ்சும், 24 மணி நேரத்தில் கதவு மூடிவிடும். நம்மூரில் மாட்டுக்குச் சொல்கிற "நஞ்சுக்கொடி விழுந்த அப்புறம்தான் ஊட்ட விடணும்" என்ற பழக்கத்தைக் குதிரைக்கும் கொண்டுபோவது இதனால்தான் ஆபத்து (மாட்டுக்கே அது தவறு, அது வேறு கதை). குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இந்த ஒன்று இரண்டு மூன்றைக் கட்டுத்தறிச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் தகும்.

குட்டி போடுவதற்கு முன்பே தாயின் காம்பிலிருந்து பால் சொட்டினால் "பால் நிறைய இருக்கு" என்று சந்தோஷப்படாதீர்கள், ஒழுகிப் போவது சீம்பால். அப்படி ஒழுகியிருந்தாலோ, குட்டி தாமதமாகக் குடித்திருந்தாலோ, 18 முதல் 24 மணி நேரத்துக்குள் குட்டியின் ரத்தத்தில் ஐஜிஜி (சீம்பால் வழியாக வரும் எதிர்ப்புப் புரதம்) அளவு பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 400க்குக் கீழே என்றால் எதிர்ப்பு சக்தி போய்ச் சேரவே இல்லை, ரத்தக்குழாய் வழியாகப் பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய ரத்த நீர்) ஏற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது தொப்புள். சாம்பல், சாணம், மஞ்சள் எண்ணெய் எதுவும் வேண்டாம். அடர்த்தியான டிங்ச்சர் அயோடினும் நல்லதல்ல, தோலையும் சதையையும் சுட்டுப் புண்ணாக்கி, அந்தப் புண்ணே கிருமிக்கு வாசலாகிவிடும். மருத்துவர் கலந்து தரும் 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தொப்புளை முக்கி எடுங்கள், முதல் சில நாள் தினமும் இரண்டு மூன்று தடவை. தொப்புள்கொடியை அவசரப்பட்டு அறுக்காமல் அது தானாக அறுபட விடுங்கள். வெளியே காய்ந்துவிட்டது என்று மறந்துவிடவும் கூடாது, வெளியே காய்ந்து வயிற்றுக்குள் சீழ் வைத்திருப்பது உண்டு, ஸ்கேன் செய்தால்தான் தெரியும்.

சரி, நொண்டல் வந்துவிட்டது. காய்ச்சல் இல்லையே, வீக்கம் இல்லையே என்று தள்ளிப்போடுவார்கள். மூட்டில் சீழ் உள்ள குட்டிக்குக் காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பின்னங்கால் முட்டியிலோ கணுவிலோ வீங்கினால் கண்ணுக்குத் தெரியும், இடுப்பு மூட்டு மாதிரிச் சதைக்குள் புதைந்த இடம் என்றால் தெரியாது. குட்டியைவிடத் தாயின் மடி நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்: மடி கனத்துப் பால் சொட்டிக்கொண்டிருந்தால் குட்டி ஒழுங்காகக் குடிக்கவில்லை. இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால் என்று நொண்டல் மாறினால் யோசிக்கவே வேண்டாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் கைவைத்தியம். புளிப்பத்து, சுண்ணாம்புப் பத்து, எண்ணெய் போட்டு நீவுவது, இன்னும் சில இடங்களில் சூடு போடுவது. இவற்றால் உள்ளே இருக்கும் கிருமி ஒன்றுகூடச் சாகாது, போகிற நாள்தான் மிச்சம். இதைவிடக் கெடுதல் மருந்துக் கடையில் வாங்கி நாமே போடும் ஊசி. வலி ஊசி போட்டால் நொண்டல் மறையும், நோய் மறையாது. சின்னக் குட்டிக்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் கூடவே வரலாம். ஸ்டீராய்டு வீக்கத்தை வற்றவைத்துவிட்டுக் கிருமிக்கு வழி திறந்துவிடும். மாட்டுக்கு வாங்கி வைத்த என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மீதி இருக்கிறதே என்று குட்டிக்குப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த மருந்து குதிரைக்குட்டியின் குருத்தெலும்பையே கெடுக்கும். எதைக் காப்பாற்றப் போட்டோமோ அதுவே போய்விடும்.

மருத்துவர் மூட்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றால் "ஊசி குத்துனா மூட்டு கெட்டுப்போயிருமுங்க" என்று தடுக்காதீர்கள். நல்ல மூட்டு நீர் வெளிர் மஞ்சளாக, தெளிவாக, கொழகொழவென்று இருக்கும். கலங்கி, தண்ணியாக வந்தால் பாதி விடை அங்கேயே தெரிந்துவிடும், மீதி விடை ஆய்வகத்தில் வெள்ளையணு எண்ணிக்கையிலும் கிருமி வளர்ப்பிலும் கிடைக்கும். ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே அந்த நீரை எடுப்பது நல்லது. உறுதியானால் மருந்து மட்டும் போதாது, மயக்கம் கொடுத்து மூட்டுக்குள் சலைன் விட்டுக் கழுவ வேண்டும், பல சமயம் ஒரு தடவையோடு முடியாது. உள்ளூர் மருத்துவரிடம் அந்த வசதி இருக்காது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு, தாயையும் குட்டியையும் சேர்த்தே வண்டியில் ஏற்றுங்கள். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலிருந்து தொடங்கலாம்.

முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததால் எலும்பு தப்பித்தது என்று முடிவு கட்டுவதும் தவறு. எலும்பு ஓரளவு கரைந்த பிறகுதான் படத்தில் தெரியும், ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் குட்டி துள்ளுகிறது என்று மருந்தை நிறுத்துவது இன்னொன்று. எலும்பையும் பிடித்திருந்தால் சிகிச்சை 3, 4 வாரம்கூட இழுக்கும், நடுவில் விட்டால் திரும்ப வரும், அப்போது அடக்குவது இன்னும் கஷ்டம். நொண்டிய நாள்களில் எல்லாப் பாரத்தையும் தாங்கிய எதிர்க்கால் வளைகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி, ஓடுமா? வெளிநாட்டில் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் குட்டிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், சிகிச்சை பெற்ற பெரும்பாலான குட்டிகள் பிழைத்தன, ஆனால் பிறகு பந்தயத்தில் ஓடியவை பாதிக்கும் குறைவு. உயிர் பிழைப்பதும் ஓடுவதும் வேறு வேறு. ஒரே மூட்டு, எலும்பில் பரவவில்லை, நொண்டிய ஓரிரு நாளிலேயே கழுவியாகிவிட்டது என்றால் நம்பிக்கை வைக்கலாம். பல மூட்டு, எலும்பிலும் பிடித்தது, கூடவே நுரையீரலோ குடலோ பாதிப்பு என்றால் பந்தயக் கணக்கை அப்போதே மூடிவைத்துவிட்டு, சவாரிக்கோ குட்டி எடுக்கவோ வைத்துக்கொள்ளலாமா என்று செலவுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தேறிய குட்டியையும் மற்றவர்கள் பழக்குகிறார்களே என்று ஒன்றரை வயதிலேயே வண்டியில் பூட்ட வேண்டாம். முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்தட்டு (எலும்பு நீளமாக வளரும் இடம்) மூடவே இரண்டு, இரண்டரை வயது ஆகும்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் ஓட்டத்துக்கென்று குட்டி வாங்குபவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சுழியும் நிறமும் பார்க்கும் நேரத்தில் பாதியை மூட்டுக்குக் கொடுங்கள். இடது வலது இரண்டையும் ஒரே நேரத்தில் தடவி அளவு ஒன்றா என்று பாருங்கள், மண்ணில் மட்டும் நடத்திக் காட்டினால் கெட்டித் தரையிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், சின்னதில் கால் வீங்கியதா, ஊசி எத்தனை நாள் போட்டார்கள் என்று நேராகவே கேளுங்கள். விற்பவர் மழுப்பினால், விலை எவ்வளவு இறங்கினாலும், எக்ஸ்ரே எடுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.