வரிக்குதிரை கேக்கில் வரி வந்த விதம்

வெள்ளை மாவு ஒரு கரண்டி, அதன் நடுவிலேயே கோகோ மாவு ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றி ஊற்றினால், மாவு தானாகப் பரவி வளையங்களாக விரியும். வெட்டினால் வரிகள் தெரியும். மகளின் பிறந்தநாளுக்கு கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் முதலில் செய்தபோது வரியே இல்லை. நடுவில் ஒரு கரும்பழுப்புத் திட்டு, சுற்றிலும் மங்கிய நிறம். அவள் முகம் வாடியது எனக்குத் தாங்கவில்லை.

மங்கலுக்குக் காரணம் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. எல்லா இனிப்புக்கும் அதுதான் எங்களுக்கு. ஆனால் அது வெள்ளை மாவையும் பழுப்பாக்கிவிடும். இந்தக் கேக்குக்கு மட்டும் வெள்ளைச் சர்க்கரை போடுங்கள்.

திட்டுக்குக் காரணம் வேறு. கோகோ தூள் ஈரத்தை இழுத்து மாவைக் கெட்டியாக்கும். கெட்டி மாவு பரவாது. பக்கத்தில் நின்ற அமுச்சிதான் (அம்மாவின் அம்மா) சொன்னார்: "ரெண்டும் ஒரே பதமா விழோணும் அம்மிணி."

அடுத்த தடவை 2 மேசைக்கரண்டி கோகோவை வெதுவெதுப்பான பாலில் குழைத்துச் சேர்த்தேன். அப்புறமும் கெட்டியாக இருந்தது. பாலை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, இரண்டு மாவும் கரண்டியிலிருந்து ஒரே மாதிரி வழியும்வரை சரிபார்த்தேன். மொத்தம் 3 மேசைக்கரண்டி பால் பிடித்தது. ஊற்றும்போது தட்டை ஆட்டவில்லை, கரண்டியால் பரப்பவும் இல்லை. 170 டிகிரியில் 40 நிமிடம் வேகவைத்து, முழுக்க ஆறிய பிறகே வெட்டினேன்.

மகள் விரல் வைத்து வரிகளை எண்ணினாள். பதினொன்று!