சம்ராட் பட்டம்: பலரும் சறுக்கும் இடங்கள்

"ரிக் வேதத்திலேயே சம்ராட், அதாவது பேரரசர், என்று வருகிறதே, அப்படியானால் அப்போதே சாம்ராஜ்யங்கள் இருந்திருக்கின்றன" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். பட்டம் வருவது நிஜம். ஆனால் அங்கே அதைப் பெரும்பாலும் சூட்டிக்கொள்பவர்கள் தேவர்கள். அதன் ஐந்தாம் மண்டலத்தின் (பகுதியின்) 85ஆம் சூக்தம் (பாடல்), சம்ராட்டான வருணனைப் பாடு என்றுதான் தொடங்குகிறது. மனிதரில் ஆறாம் மண்டலத்து அப்யாவர்த்தி சாயமானன் என்ற அரசனைக் காட்டலாம். அவனும் இருபது மாடுகளைத் தானம் தந்ததற்காகக் கவிஞர் வாயால் வாழ்த்துப் பெறுகிறான். நாடு இவ்வளவு, கப்பம் இவ்வளவு என்ற பேச்சே அங்கு இல்லை.

ராஜாவுக்கு மேலே மகாராஜா, அவருக்கும் மேலே சம்ராட் என்று ஏணி கட்டுவது அடுத்த சறுக்கல். வேள்விகளை விளக்கும் 'பிராமணம்' என்ற வகை வேத நூல்களில் ஒன்றான ஐதரேய பிராமணம் இந்தப் பட்டங்களைத் திசைவாரியாகப் பிரிக்கிறது. கிழக்கத்திய மன்னர்கள் சம்ராட், தெற்கே போஜர், மேற்கே ஸ்வராட், வடக்கே விராட், நடுவிலுள்ள குரு, பாஞ்சால நாட்டு மன்னர்கள் வெறும் ராஜா. குரு பாஞ்சாலர்களை மட்டமாக நினைத்து இப்படிச் சொல்லியிருக்க முடியாது. வேத மரபின் நடுநாடே அவர்களுடையது. பிருகதாரண்யக உபநிடதமும் இதற்கு ஒத்துப்போகிறது. "மாடுகளுக்காக வந்தீரா, நுட்பமான கேள்விகளுக்காகவா?" என்று மன்னர் ஜனகர் கேட்க, முனிவர் யாக்ஞவல்கியர் "இரண்டுக்கும்தான், சம்ராட்!" என்கிறார். கூச்சமே இல்லாத பதில்! ஜனகர் ஆண்ட விதேகம் கிழக்கில்தான் இருக்கிறது.

ஏணியே கிடையாதா என்றால், சதபத பிராமணத்தில் உண்டு: ராஜசூயம் என்ற வேள்வி செய்தவன் ராஜா, வாஜபேயம் என்ற வேள்வி செய்தவன் சம்ராட், பின்னது உயர்ந்தது. அந்த உயர்வும் வேள்வியால் வந்தது. மகாபாரத சபா பர்வத்திலோ தருமர் சாம்ராஜ்யத்துக்காகச் செய்வது ராஜசூயம். அதற்குக் குறுக்கே நிற்பவன் மகதத்து ஜராசந்தன், அவனிடம்தான் இப்போது சாம்ராஜ்யம் இருக்கிறது என்கிறார் கிருஷ்ணர். ஆக, ஒரு நூலின் விதியை எடுத்து இன்னொன்றில் பொருத்தினால் கணக்கு உதைக்கும். எந்த நூல் என்று சொல்லாமல் "சாஸ்திரத்தில் இருக்கிறது" என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

சக்கரவர்த்தியையும் வேதத் தொகுப்புகளில் தேட வேண்டாம். மைத்ராயணி உபநிடதம் போன்ற பிந்தைய நூல்களிலும் பௌத்த, சமண நூல்களிலும்தான் அந்தப் பட்டத்துக்கு வாழ்வு. சோழர் கல்வெட்டுகளின் 'திருபுவனச் சக்கரவர்த்திகள்' அதற்கும் வெகு பின்னால்.

'சம்ராட் அசோகர்' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அவருடைய கல்வெட்டுகளில் இருப்பதோ 'தேவானாம்பிய பியதசி ராஜா' (தேவர்களுக்குப் பிரியமான பியதசி ராஜா).