மின்சார கார் விற்பனைக் கணக்கை ஏமாறாமல் படிப்பது எப்படி

‘ஐரோப்பாவில் மின்சார கார் மவுசு போச்சு’ என்று ஒருத்தர் குரூப்பில் போடுவார். அரை மணி நேரத்தில் இன்னொருத்தர் ‘சீனாவில் விற்கும் காரில் பாதி மின்சார கார்’ என்று பதிலுக்கு ஒரு படம் போடுவார். அப்புறம் சண்டைதான். இரண்டு செய்தியுமே பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. நான் சில வருடங்களாக இந்தக் கணக்குகளை ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்த்து வருகிறேன், ஆரம்பத்தில் நானும் நன்றாக ஏமாந்திருக்கிறேன், அதனால் எங்கெங்கே கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதல் வேலை, ‘மின்சார கார்’ என்று எதையெல்லாம் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. சீனாவில் ‘புதிய ஆற்றல் வாகனம்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்குள் பேட்டரியில் மட்டும் ஓடுவதும் வரும், பெட்ரோல் இன்ஜினும் சார்ஜ் போடும் வசதியும் சேர்ந்த பிளக்-இன் ஹைப்ரிடும் வரும். 2024 ஜூலையில் சீனாவின் சில்லறை கார் விற்பனையில் பாதியைத் தாண்டியது என்று சொன்னது இந்தக் கூட்டுக் கணக்கைத்தான். சீனாவின் பிஒய்டி கார் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் விற்றது சுமார் 42 லட்சம் கார், அதில் பேட்டரி கார் 17.6 லட்சம்தான், மீதியெல்லாம் பெட்ரோல் டேங்க் உள்ள பிளக்-இன். ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே, சார்ஜே போட முடியாத சாதாரண ஹைப்ரிடும் ‘மின்மயமான கார்’ பட்டியலில் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஷீட்டில் பேட்டரி, பிளக்-இன், சாதாரண ஹைப்ரிட், டீசல், மொத்தம் என்று தனித்தனி பத்தி போடுங்கள். பிரித்துத் தராத செய்தியை ஷீட்டில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பிளக்-இன் பற்றி ஒரு வார்த்தை. அது சார்ஜ் போட்டால்தான் மின்சார கார், போடாவிட்டால் பேட்டரியைச் சும்மா சுமந்து போகும் பெட்ரோல் கார். 2024-இல் ஐரோப்பிய ஆணையம், கார்களுக்குள்ளேயே இருக்கும் எரிபொருள் மீட்டர் கணக்கை வாங்கிப் பார்த்தது. சோதனைக்கூடத்தில் சொன்னதைவிட நிஜ சாலையில் பிளக்-இன் கார்கள் சராசரியாக மூன்றரை மடங்கு கார்பன் வெளியிடுகின்றன என்று தெரிந்தது. நெதர்லாந்தில் 2013 வாக்கில் கம்பெனி காருக்கான வருமான வரிச் சலுகையால் பிளக்-இன் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது, சலுகையைக் குறைத்ததும் 2016, 2017-இல் அப்படியே படுத்துவிட்டது. வாங்கினவர்கள் காரைப் பார்த்து வாங்கவில்லை, வரியைப் பார்த்து வாங்கினார்கள்.

அதுதான் இரண்டாவது வேலை: எண் திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ முதலில் வரி மாறிய தேதியைத் தேடுங்கள். நார்வேயில் 2022 டிசம்பரில் சுமார் 39,500 புது கார் பதிவானது. அடுத்த மாதம் எத்தனை தெரியுமா? 1,860. ஊரில் எல்லாரும் திடீரென்று கார் வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை. 2023 ஜனவரி 1 முதல் 5 லட்சம் குரோனருக்கு (நார்வே பணம்) மேற்பட்ட தொகைக்கு மின்சார காருக்கும் 25 சதவீத வாட் வரி என்று ஆனது, அதனால் முடிந்தவர்கள் எல்லாரும் டிசம்பரிலேயே வாங்கி முடித்துவிட்டார்கள். அந்த ஜனவரி எண்ணை மட்டும் வைத்து எழுதினால் ‘நார்வேயில் கார் சந்தை அழிந்தது’ என்று தலைப்பு வைக்கலாம். அந்த வருடம் முழுக்கப் பார்த்தால் விற்றதில் 82 சதவீதம் பேட்டரி கார், 2024-இல் 89 சதவீதம். குறைந்தது மூன்று மாதத்தையாவது கூட்டிப் பாருங்கள். டெஸ்லா மாதிரி கம்பெனிகள் காலாண்டின் கடைசி மாதத்தில் டெலிவரியைக் குவிப்பதும் இதில் அடங்கிவிடும்.

சரி, இப்போது அந்த ‘ஐரோப்பாவில் மவுசு போச்சு’ செய்தியைக் கையில் எடுத்துப் பிரிப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-இல் விற்ற பேட்டரி கார் சுமார் 15.39 லட்சம், 2024-இல் 14.48 லட்சம். சரிவு கிட்டத்தட்ட 91,000. உண்மைதான். இப்போது ஜெர்மனியை மட்டும் தனியாக எடுங்கள்: 2023-இல் 5.24 லட்சம், 2024-இல் 3.81 லட்சம், அங்கே மட்டும் குறைந்தது 1.43 லட்சத்துக்கு மேல். கழித்துப் பார்த்தால் மீதி 26 நாடுகளையும் சேர்த்து 50,000-க்கு மேல் கூடியிருக்கிறது! ஜெர்மனியில் என்ன நடந்தது என்றால், மின்சார காருக்குக் கொடுத்துவந்த மானியத்தை 2023 டிசம்பர் நடுவில் ஒரே நாள் அவகாசத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆக ‘ஐரோப்பா’ என்று தலைப்பில் வந்தது ஒரே நாட்டின் பட்ஜெட் தகராறு. கூட்டு எண் எது வந்தாலும் அதில் மிகப் பெரிய நாட்டைக் கழித்துவிட்டு இன்னொரு தடவை பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது, நிறைய வாக்குவாதம் இந்த ஒரு கழித்தலிலேயே முடிந்துவிடும்.

டீசல் கதை வேறு. 2015 செப்டம்பரில் டீசல் கார் புகையைச் சோதனையில் மட்டும் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வாகன் மென்பொருள் மோசடி வெளியே வந்தபோது மேற்கு ஐரோப்பாவில் விற்ற புது கார்களில் பாதி டீசல். 2024-இல் ஒன்றியம் முழுக்க 12 சதவீதம்தான். ஆனால் இதை வைத்து டீசல் செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள், ஜெர்மனியில் அதே 2024-இல் டீசல் 17 சதவீதம், பேட்டரி 13.5. அங்கே டீசலுக்கு லிட்டருக்கு 47 சென்ட் வரி, பெட்ரோலுக்கு 65 சென்ட், அதோடு ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் கம்பெனி கார்கள் வேறு. பிரிட்டனில் இரண்டுக்கும் ஒரே வரி, டீசல் 7 சதவீதத்துக்கும் கீழே. காரணம் அது ஒன்றேதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பம்பில் போடும் வரியைப் பார்க்காமல் டீசல் பற்றிப் பேசவே கூடாது.

இன்னொன்று, விற்கும் கார் வேறு, சாலையில் ஓடும் கார் வேறு. நார்வேயில் புது டீசல் கார் விற்பனை ஏறக்குறைய இல்லை. ஆனாலும் 2024 செப்டம்பரில் பதிவில் இருந்த 28 லட்சம் கார்களில் டீசல்தான் முதலிடம், 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பேட்டரி கார் அந்த மாதம்தான் பெட்ரோல் காரை முந்தியது, 7,54,303-க்கு 7,53,905. 2011 வாக்கில் அங்கே விற்றதில் முக்கால்வாசி டீசல், அந்தக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன.

நம் ஊர்க் கணக்கு வேண்டும் என்றால் மத்திய அரசின் வண்டிப் பதிவுத் தளமான ‘வாகன்’ தளத்தின் டாஷ்போர்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் மொத்த ‘இவி’ எண்ணை அப்படியே எடுத்தால் ஸ்கூட்டரும் இ-ரிக்‌ஷாவும்தான் அதில் பெரும்பகுதி. வாகன வகையில் ‘மோட்டார் கார்’ தேர்ந்தெடுங்கள், டாக்சி ‘மோட்டார் கேப்’ என்று தனியாக இருக்கும், அதையும் சேருங்கள். எரிபொருள் பத்தியில் ‘எலக்ட்ரிக் (பிஓவி)’ ஒன்று, ‘ப்யூர் ஈவி’ ஒன்று என்று இரண்டு இருக்கும், இரண்டையும் கூட்ட வேண்டும், நான் முதல் தடவை ஒன்றை மட்டும் எடுத்து ஷீட்டையே பாழாக்கினேன். ‘பெட்ரோல்/ஹைப்ரிட்’ என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அதில் சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும் மைல்டு ஹைப்ரிடும் கலந்திருக்கும். பழைய வருடங்களோடு ஒப்பிடும்போது அந்த எண்களில் தெலங்கானா இல்லை என்பதை ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஹைதராபாத்தில் விற்ற கார் ஒன்றுகூட அதில் வராது.